தொண்டையில் நின்ற ‘வேண்டாம்’

என்றும் என் மரியாதைக்குரிய அக்காவுக்கு,

உன் தம்பி பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும், உன் தம்பி பெண்டாட்டியும், எங்களுடன் தங்கியிருக்கும் உன் மகளும் உடலளவில் சுகம். உடலளவில் என்று ஏன் தனியாகக் குறிப்பிடுகிறேன் என்பது போகப் போக உனக்கே புரியும். அங்கே உன் முழங்கால் வலியும், அத்தானின் இருமலும், மாடி வீட்டுக்காரர் குழாயைத் திறந்துபோட்டுவிட்டு வெளியூர் போகும் பழக்கமும் குறைந்திருக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

போன வாரம் நீ தொலைபேசியில், “அங்க எல்லாம் நல்லபடியாத்தானே போகுது?” என்று கேட்டாய். “ஆமாக்கா” என்றேன். அது பொய். உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் நீ முழங்காலுக்குப் போய்விட்டாய். போனவள் அங்கிருந்து திரும்பவே இல்லை. அதனால்தான் கடிதம். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. குளியலறைச் சுவரில் ஈரம் ஏறுவதைப் பற்றி வீட்டுக்காரருக்கு எழுதுவதாக உன் தம்பி பெண்டாட்டியிடம் சொல்லி வைத்திருக்கிறேன். ஒரு சுவருக்கு இத்தனை பக்கமா என்று அவள் அவ்வப்போது எட்டிப் பார்க்கிறாள். எழுதும் பக்கத்தைக் கையால் மூடிக்கொண்டு எழுதுவதால் வரிகள் கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உன் மகளை அந்த வண்டியில் ஏற விடாதே. நான் சொன்னால் அவள் கேட்க மாட்டாள். அத்தான் சொன்னால் கேட்கிற மாதிரி தலையாட்டிவிட்டு ஏறிவிடுவாள். அவள் பயப்படும் ஒரே ஆள் நீதான். காரணத்தைக் கீழே எழுதுகிறேன், படித்துவிட்டு அத்தானிடம் காட்டாதே. அவர் சிரிப்பார். மழைக்காலத்தில் குடை விரிக்கும் சத்தத்துக்கே நான் அலறிய கதையை ஆரம்பிப்பார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று முடிப்பார். அரண்டவன் சொன்னாலும் சில சமயம் பேய் நிஜமாகவே வருகிறது, அக்கா. நான் அதைத் திரையில் கண்ணாரப் பார்த்துவிட்டேன்.

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்பது உனக்கு இன்னும் சரியாகத் தெரியாது. யாராவது கேட்டால் “தம்பி காத்தாடி கம்பெனில இருக்கான்” என்று சொல்கிறாயாம், உன் மகள் சொன்னாள். ஒரு வகையில் அது சரிதான். நான் வேலை பார்க்கும் காற்றுச் சுரங்கம் என்பது ஒரு பெரிய இரும்புக் குழாய். அதன் ஒரு முனையில் வீடு அளவுக்குப் பெரிய தொட்டிகள். காலையில் ஆரம்பித்தால் அவற்றில் காற்றை அடைத்து முடிக்க மதியமாகிவிடும். வால்வைத் திறந்தால் அடைத்ததெல்லாம் ஒரு நிமிடம்கூடத் தங்காமல் ஓடிவிடும். குழாயின் நடுவில் முழங்கை நீளத்தில் எஃகில் செய்த சின்ன விமானம் ஒன்றைப் பொருத்தியிருப்போம். வெளியே விமானம் ஓடும், காற்று நிற்கும். எங்களிடம் விமானம் நிற்கும், காற்று ஓடும். வால்வு திறந்திருக்கும்போது தரை அதிரும், பல் அதிரும், காதில் மாட்டிய கவசத்தையும் மீறி ஒரு ஊளைச் சத்தம் முதுகெலும்பில் ஏறும். இத்தனை வருடமாகக் கேட்டும் எனக்குப் பழகவில்லை. மற்றவர்களுக்குப் பழகிவிட்டது என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.

உன் மகள் ஓட்டப் போவது ஒரு வண்டி இல்லை, இரண்டு. கீழ் வண்டி, மேல் வண்டியை முதுகில் சுமந்துகொண்டு ஒலியை விடப் பல மடங்கு வேகத்தில் வானத்தில் ஏறும். ஓர் உயரத்துக்குப் போனதும் பிடியை விடும். மேல் வண்டி தன் பாட்டுக்கு இன்னும் உயரே போய்விடும். அதில் ஆள் கிடையாது. கீழ் வண்டி சமர்த்தாகத் திரும்பி வந்து ஓடுபாதையில் இறங்கும். துடைத்து, எரிபொருள் ஊற்றி, அதையே மறுபடியும் அனுப்பலாம், ராக்கெட்டைப் போலப் பாதி வழியில் தூக்கி எறிய வேண்டியதில்லை. அதனால்தான் இதற்கு இவ்வளவு மவுசு. கீழ் வண்டியில் ஆள் உண்டு. அந்த ஆள்தான் உன் மகள்.

பிடியை விட்டால் மேலே இருப்பது மேலே போய்விடப் போகிறது, இதில் என்ன பயம் என்று கேட்பாய். வேலைக்குச் சேரும் வரை நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த வேகத்தில் ஒவ்வொரு வண்டியின் மூக்கிலிருந்தும் காற்று அதிர்ந்து ஓர் அலை கிளம்பும். கீழ் வண்டியின் அலை மேல் வண்டியின் வயிற்றில் போய் மோதித் திரும்பும், மேல் வண்டியின் அலை கீழ் வண்டியின் முதுகில் விழும். இரண்டுக்கும் நடுவே இருக்கும் சந்தில் மாட்டிக்கொண்ட காற்று என்ன செய்யும் என்று அதற்கே தெரியாது. ஒரு கணம் தள்ளும், மறுகணம் இழுக்கும். மேல் வண்டியின் மூக்கைத் தூக்கிவிடும். மூக்கு தூக்கினால் வால் இறங்கும். வால் இறங்குகிற இடத்தில்தான் உன் மகளின் தலை இருக்கிறது. நான் படம் வரைந்து காட்டலாம் என்று பார்த்தேன், வால் பக்கம் வரும்போது பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

இந்தப் பிரிவு எப்படி நடக்கும் என்பதைத்தான் எங்கள் சுரங்கத்தில் சோதிக்கிறோம். இங்கே ஒரு கோளாறு. சின்ன வண்டியை நகர்த்தும் இரும்புக் கை எங்களிடம் தரையிலிருந்து மேலே வருகிறது. நகர வேண்டியது மேல் வண்டி. ஆகவே ஜோடியையே தலைகீழாக மாட்டுவோம்: கீழ் வண்டி கூரைப் பக்கம் அசையாமல் இருக்கும், மேல் வண்டி அதற்கு அடியில், கையின் நுனியில் இருக்கும். அதன் வயிற்றுக்குள் ஒரு விசைமானி. காற்று எந்தப் பக்கம் எவ்வளவு தள்ளுகிறது என்று அது அளந்து சொல்லும். அதைக் கேட்டுக் கணினி, ‘நிஜத்தில் என்றால் வண்டி இப்போது இங்கே போயிருக்கும்’ என்று கணக்குப் போட்டு, கையை அந்த இடத்துக்கு நகர்த்தும். மறுபடி அளக்கும், மறுபடி நகர்த்தும். விசைமானி என் பொறுப்பு. கணக்கு, நாங்கள் மௌனம் என்று அழைக்கும் கணினிக்காரர் பொறுப்பு. எல்லாம் தலைகீழாகத் தொங்குவதால் தள்ளுவதை இழுப்பதாகவும், இழுப்பதைத் தள்ளுவதாகவும் யாராவது ஒருவர் ஏதாவது ஓரிடத்தில் மாற்றிப் போட்டுவிட வேண்டும். இந்த வேலையில் கொஞ்ச காலம் இருந்தால் மேல் எது கீழ் எது என்றே குழம்பிவிடும். “மேல் தட்டுல இருக்கு” என்று நான் சொன்னால் உன் தம்பி பெண்டாட்டி குனிந்து கீழ்த் தட்டில்தான் தேடுகிறாள், அங்கேதான் கிடைக்கவும் செய்கிறது.

எங்கள் இடத்தில் ஒரு விதி உண்டு. வால்வைத் திறக்கும் முன் கட்டுப்பாட்டு அறையில் இருக்கும் ஒவ்வொருவரையும் இயக்குநர் அம்மா வரிசையாகக் கேட்பார். ‘சரி’ என்று சொல்லலாம், ‘வேண்டாம்’ என்று சொல்லலாம். வேறு சொல் கூடாது, தலையாட்டலும் செல்லாது. ஒரே ஓர் ஆள் வேண்டாம் என்றாலும் அன்றைக்குச் சோதனை ஓட்டம் கிடையாது. ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் கூடாது. காரணம் கேட்க ஆரம்பித்தால், காரணம் சொல்லத் தெரியாத பயத்தை ஆட்கள் விழுங்கிவிடுவார்கள் என்பது அம்மாவின் கட்சி. உலகத்தில் எனக்கென்றே யாராவது ஒரு விதி எழுதியிருந்தால் அது இதுதான், அக்கா. ஒருமுறை திருகாணித் தட்டில் ஒரு குழி காலியாக இருந்ததால் வேண்டாம் என்றேன். அந்தத் திருகாணி, வண்டியைப் பொருத்தும் மெக்கானிக்கின் செருப்புக்கு அடியில் குத்தியிருந்தது. ஒருமுறை காற்றடைக்கும் எந்திரம் வேறு மாதிரி உறுமியது என்று வேண்டாம் என்றேன். அது என் காதில் இருந்த சளி. ஒருமுறை அறையில் இருந்த எல்லாரும் ஒரே நேரத்தில் சிரித்த முகமாக இருந்தார்கள், அதனாலேயே வேண்டாம் என்றேன். கேண்டீனில் என் பெயரே வேண்டாம் சார் என்று ஆகிவிட்டது. “வேண்டாம் சாருக்கு ஒரு டீ வேணும்” என்று கத்துகிறார்கள்.

அப்படி ஒரு மாதிரியாக ஓடிக்கொண்டிருந்த என் பிழைப்பில்தான் உன் மகள் வந்து சேர்ந்தாள். வண்டியை ஓட்டப் போகிறவர் சோதனையைக் கூட இருந்து பார்க்க வேண்டும், அவருக்கும் ஒரு சரி-வேண்டாம் உண்டு, கடைசி ஆளாக. நம் வீட்டில் வாலு என்று கூப்பிட்டு வளர்த்த பிள்ளைக்கு அங்கே எல்லாரும் எழுந்து நின்று மரியாதை கொடுக்கிறார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, ஒரு காலை நேரம் மட்டும். பிறகு அந்தச் சின்ன எஃகு வண்டியைப் பார்க்கும்போதெல்லாம் அதன் முன்பக்கத்தில் அவள் உட்கார்ந்திருக்கும் இடம் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தது. அவள் வந்த நாளிலிருந்து நான் ஒரு ஓட்டத்துக்கும் சரி சொல்லவில்லை. என் முறை வரும், வாய் தானாக வேண்டாம் என்று சொல்லிவிடும். தொட்டியில் அடைத்த காற்றெல்லாம் தினமும் வீணாக வெளியே போயிற்று.

ஒரு நாள் காலையில் தோசை தின்றோமோ ரொட்டி தின்றோமோ நினைவில்லை, தட்டில் கை வைத்தபடி அவள் பேச்சை எடுத்தாள்.

“மாமா, ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே?”

“சொல்லு.”

“வெளில என்ன பேசிக்கிறாங்க தெரியுமா? அக்கா பொண்ணுங்கிறதால பயப்படறாரு, அந்தப் பொண்ணு இருக்கிற வரைக்கும் இந்த டனல்ல காத்தே அடிக்காதுன்னு பேசிக்கிறாங்க. எனக்கு அடுத்தபடியா இன்னொரு பைலட் தயாரா நிக்கிறாரு. அவருக்கு இங்க மாமா யாரும் கிடையாது.”

“பேசினா பேசட்டும்.”

“பேச்சோட போகாது மாமா. மேலிடத்துல என்னை மாத்திடலாமான்னு யோசிக்கிறாங்களாம். இதுக்காக எத்தனை வருஷம் நாயா அலைஞ்சிருக்கேன்னு உங்களுக்குத் தெரியும்.”

நான் பதில் சொல்வதற்குள் உன் தம்பி பெண்டாட்டி அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள். “ஏங்க, புள்ள பொழப்புல மண்ணள்ளிப் போடாதீங்க. சரின்னு ஒரு வார்த்த சொன்னா நாக்கு வெந்துடுமா?” என்றாள். அவளுக்கு நான் என்ன சொல்வது? வேண்டாம் என்றால் பிள்ளையின் கனவு போச்சு. சரி என்றால் பிள்ளையே போய்விடுவாளோ என்று பயம். இருதலைக் கொள்ளி எறும்பு என்று பள்ளிக்கூடத்தில் படித்தபோது எறும்பை நினைத்து நான் இவ்வளவு வருத்தப்பட்டதில்லை. “சரி, பாக்கிறேன்” என்றேன். அதை அவள் சத்தியமாக எடுத்துக்கொண்டுவிட்டாள்.

அன்று மாலை என் தாள்களைப் புரட்டிப் பார்த்தபோது, தலைகீழ் விஷயத்தை யார் மாற்றியது என்ற கேள்வி வந்தது. என் பக்கத்தில் மாற்றியதாகத் தெரியவில்லை. மௌனம் வீட்டுக்குப் போய்விட்டார். அவரைத் தொலைபேசியில் அழைத்துப் பயனில்லை, எடுத்து மூச்சு மட்டும் விடுவார். ஒருவரும் மாற்றாமல் போனால் என்ன ஆகும் என்று நினைத்தேன், ஆகவே விசைமானியின் கணக்கில் நானே கூட்டலைக் கழித்தலாக்கிவிட்டு வந்தேன். மறுநாள் நடைவழியில் மௌனத்தைப் பிடித்து, “அந்தத் தலைகீழ் சமாச்சாரம் பாத்துட்டீங்கதானே?” என்று கேட்டேன். அவர் சிரித்தார். ஆம் என்றாலும் இல்லை என்றாலும், அவர் வீடே பற்றி எரிந்தாலும் அவர் சிரிப்பு ஒன்றுதான். எனக்குள் ஏதோ உறுத்தியது. வேண்டாம் என்று சொல்ல எனக்கு முதன்முதலாக ஒழுங்கான ஒரு காரணம் கிடைத்திருந்தது, அக்கா, அன்றைக்குத்தான் அதைச் சொல்லாமல் விட்டேன்.

இயக்குநர் அம்மா கேட்டுக்கொண்டே வந்தார். மெக்கானிக் சரி என்றார். மௌனம் சரி என்றார். வருடம் முழுவதும் அவர் வாயிலிருந்து நாங்கள் கேட்கும் ஒரே சொல் அதுதான். என் முறை வந்தது. வேண்டாம் தொண்டை வரை ஏறிவிட்டது. அப்போது உன் மகள் என்னைப் பார்த்தாள். கெஞ்சவில்லை, முறைக்கவில்லை, சும்மா பார்த்தாள். சின்ன வயதில் காய்ச்சலோடு கிடந்தபோது மருந்துக் கரண்டியைப் பார்ப்பாளே, அந்தப் பார்வை. நான் சரி என்றேன். அறையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ மெல்லக் கைகூடத் தட்டினார்கள். அவள் தன் முறைக்குச் சரி என்றாள், அம்மா வால்வைத் திறந்தார்.

திரையில் காற்றலைகள் கறுப்புக் கோடுகளாகத் தெரிந்தன. இரண்டு வண்டிகளும் பிரிய வேண்டிய நேரம். மேல் வண்டியை ஏந்திய கை நகர்ந்தது. விலகிப் போக வேண்டிய கை, நெருங்கிப் போயிற்று. முதலில் என் கண் கோளாறு என்று நினைத்தேன். நடுவில் இருந்த வெளிச்சம் குறுகிக்கொண்டே வந்தது, கறுப்புக் கோடுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறின, நான் “ஏய், ஏய்” என்று யாரையோ அதட்டினேன், காற்றையா கணினியையா தெரியவில்லை. வண்டிகள் ஒன்றையொன்று தொட்டால் எரிகிற சிவப்பு விளக்கு எரிந்தது. எரிந்த பிறகு கை பின்வாங்கி என்ன புண்ணியம்? கீழ் வண்டியின் செங்குத்து வால் பிய்ந்து குழாய்க்குள் ஓடிய சத்தம், உலக்கையை இரும்புப் படிக்கட்டில் உருட்டிவிட்டது போல எனக்கு இன்னும் கேட்கிறது. கதவைத் திறந்து உள்ளே போய்ப் பார்த்தோம். மேல் வண்டியின் வால் இடித்து நசுங்கிய இடத்தை மெக்கானிக் விரலால் தடவினார். அந்த இடத்தில் யார் உட்காரப் போகிறார்கள் என்பது அவருக்கும் தெரியும், விரலை எடுத்துக்கொண்டார். உன் மகள் மட்டும் குனிந்து பார்த்துவிட்டு, “தலைக்கு கொஞ்சம் பின்னாடிதான்” என்றாள். பின்னாடி என்பதில் என்ன ஆறுதல் என்று நீயே சொல்.

வண்டியின் வடிவத்திலேயே குற்றமா, எங்கள் குற்றமா என்று அம்மா எல்லாரையும் மேசையைச் சுற்றி உட்கார வைத்தார். நான் எழுந்து, “தலைகீழா இருக்கிறத யாரும் மாத்தலையோன்னு பயந்து நான் மாத்திட்டேன்” என்றேன். பிறகு ஒரு குரல், யாருக்கும் பழக்கமில்லாத குரல், மூலையிலிருந்து, “நானும் மாத்திட்டேன்” என்றது. மௌனம்தான். அவர் வாயிலிருந்து சரி என்பதற்கு மேல் ஒரு சொல் வந்துவிட்டதே என்ற அதிர்ச்சியில் அவர் சொன்ன விஷயத்தைப் புரிந்துகொள்ளவே எங்களுக்குச் சற்று நேரம் பிடித்தது. அவர் எப்போதும் மாற்றுகிறவராம், கேட்டால் சொல்லியிருப்பாராம். அவர் ஒருமுறை, நான் ஒருமுறை, இரண்டும் சேர்ந்து ஒன்றுமில்லாமல் போயிற்று. தள்ளிய காற்றை இழுத்ததாக நினைத்துக்கொண்டு கணினி இரண்டையும் சேர்த்து வைத்துவிட்டது. இரண்டு பேர் தனித்தனியாக ஜாக்கிரதையாக இருந்தால் இதுதான் கதி. அம்மா எங்களைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் எனக்குத் தூக்கமாவது வந்திருக்கும். இப்போது கூரையில் பெரிய சிவப்பு அம்பு வரைந்து ‘இதுதான் கீழே’ என்று எழுதி வைத்திருக்கிறார்கள். மாற்றிப்போடும் அதிகாரம் மௌனத்துக்கு மட்டும்.

கீழ் வண்டிக்கு மாற்று இருந்தது, மேல் வண்டியின் வாலை நிமிர்த்திவிட்டார்கள். ஆனால் விசைமானி பழையதுதான். எடைகளைத் தொங்கவிட்டுச் சோதித்தேன், சரியாகவே காட்டுகிறது. எடையை எடுத்த பிறகு மட்டும் அதன் முள் சுழியத்துக்கு வராமல் மயிரிழை தள்ளி நிற்கிறது. வரம்புக்குள்தான் இருக்கிறது என்று எல்லாரும் சொல்கிறார்கள், நானும் கணக்குப் போட்டேன், வரம்புக்குள்தான் இருக்கிறது. இருந்தாலும் ஒன்றும் வைக்காத தராசு ஏதோ இருப்பதாகச் சொன்னால் அந்தக் கடையில் நீ பருப்பு வாங்குவாயா?

நாளைக்கு மறு ஓட்டம். அது நல்லபடியாக முடிந்தால் அடுத்த மாதம் உன் மகள் நிஜ வண்டியில் ஏறிவிடுவாள். நாளைக்கும் நான் சரி என்று சொல்வதாக அவளிடம் வாக்குக் கொடுத்துவிட்டேன். இன்னொரு முறை என்னால் ஓட்டம் நின்றால் அவளை மாற்றிவிடுவார்கள், அந்த மாமா இல்லாத பைலட் இப்போதே அறைக்குப் பின்னால் வந்து நிற்க ஆரம்பித்துவிட்டார். அவளிடமே முள் விஷயத்தைச் சொல்லலாமே என்பாய். சொன்னேன். “மாமா, நீங்க லிப்ட் கதவு மூடினாலே கண்ண மூடிக்குவீங்க” என்றாள். அது உண்மைதான், மறுக்க முடியவில்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது, அக்கா. என் தலைக்கு ஏதாவது வருவதென்றால் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன், எனக்குப் பழக்கம் உண்டு. இது அவள் தலை. ஆகவே இந்தக் கடிதம் கிடைத்ததும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படுத்துவிடு. இடது பக்கம் பிடித்துக்கொள். நான் படகுச் சவாரிக்குப் போகாமல் தடுக்க முன்பு ஒருமுறை நீ வலது பக்கத்தைப் பிடித்துக்கொண்டாய், டாக்டரே சிரித்துவிட்டார். ‘அந்த வண்டில ஏறினா நான் உசுரோட இருக்க மாட்டேன்’ என்று சொல், அழு, சாப்பிடாமல் இரு, உனக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. அவள் என்னை வெறுக்கட்டும், உன்னையும் கொஞ்சம் வெறுக்கட்டும். இருந்து வெறுக்கட்டும்.

அத்தானுக்கு என் வணக்கத்தைச் சொல். இருமலுக்கு வெந்நீர் குடிக்கச் சொல். உன் முழங்கால் பூரணமாகக் குணமாகவும், உன் வீட்டுக் கூரை உன் தலைக்கு மேலேயே நிலையாக இருக்கவும் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உன் பாசமுள்ள தம்பி,
(அலுவலகத்தில் வேண்டாம் சார்)

பின்குறிப்பு: மேலே எழுதியதை எதையும் செய்யாதே. நெஞ்சைப் பிடித்துக்கொள்ளாதே. உறை ஒட்டுவதற்குள் ஒரு நாள் ஓடிவிட்டது, மறு ஓட்டம் என்ன ஆயிற்று என்பதைச் சொல்லிவிடுகிறேன். இன்று மெக்கானிக் சரி என்றார், மௌனம் சரி என்றார். நான் உன் மகளைப் பார்த்தேன், கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்தது, தொண்டையைச் செருமிக்கொண்டு சரி என்றேன். கடைசியில் அவள் முறை. அந்தப் பைலட் பின்னால் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். அவள், “வேண்டாம்” என்றாள்.

யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அம்மா, “இன்னிக்கு ஓட்டம் இல்ல. சும்மா இருக்கிற நேரத்துல அவங்கவங்க சாமானக் கழட்டித் துடைங்க” என்று மட்டும் சொன்னார். நான் விசைமானியைக் கழற்றிப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். அதன் கழுத்தில் ஒரு விரிசல். வேலையில் சேர்ந்த முதல் நாள் பையன்கூடப் பயப்படும் விரிசல். இன்று காற்றடித்திருந்தால் அந்த அதிர்வில் விரிசல் வாய் திறந்து, விசைமானி பாதி இழுப்பைத்தான் சொல்லியிருக்கும். திரையில் இரண்டு வண்டிகளும் அழகாக விலகியிருக்கும், எல்லாரும் கைதட்டியிருப்போம், அடுத்த மாதம் உன் மகளை வழியனுப்பியிருப்போம்.

வீட்டுக்கு வரும்போது காரை அவள்தான் ஓட்டினாள். “விரிசல் இருக்கும்னு உனக்குத் தெரியுமா?” என்று கேட்டேன். “தெரியாது” என்றாள். பின்னே ஏன் என்பது நாக்கு நுனியில் நின்றது, விதிப்படி கேட்கக் கூடாது, கேட்கவில்லை. கொஞ்ச தூரம் போனதும் அவளாகவே சொன்னாள்.

“எல்லாரும் முள்ளப் பாத்து சரி சொன்னாங்க. நீங்க என் மூஞ்சியப் பாத்து சொன்னீங்க. அப்பதான் மாமா எனக்கு கை கால் எல்லாம் சில்லுன்னு ஆயிடுச்சு. நான் வண்டிய நம்பி ஏறல, கணக்க நம்பி ஏறல. மாமா ஒருத்தர் எனக்கும் சேத்து பயந்துக்குவாருன்னு நம்பித்தான் ஏறப் போறேன். நானே பயந்தா ஓட்ட முடியாது. என்னை மாத்தினா மாத்தட்டும், வாக்கு கொடுத்ததையெல்லாம் மறந்துடுங்க. நாளைலேருந்து ஒழுங்கா பயப்படுங்க.”

எனக்கு அழுகை வந்துவிட்டது, அதை மறைக்க முன்னால் பார்த்தேன், வேகமானியின் முள் நிற்கும் இடம் தெரிந்தது. “இவ்வளவு வேகம் வேண்டாம்” என்றேன். அவள் ஏன் என்று கேட்கவில்லை. வேகத்தைக் குறைத்தாள்.